இழுத்துச் சாய்த்தால் சாய்வெழுத்து ஆகிவிடுமா?

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் ஊர்க் காற்பந்துப் போட்டியின் பதாகையில் தமிழ் எழுத்தை இழுத்துச் சாய்த்திருப்பதைக் குறைசொல்லி நான் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதிய இரண்டு வரிகளுக்கு வந்த பதில்களை நீங்களும் படித்திருப்பீர்கள். "ஐயாவுக்கு வேறு வேலை இல்லை போலும்" என்றார் ஒருவர். இருக்கிறது, இருந்தும் எழுதுகிறேன்.

மலாய் வரியைப் பாருங்கள். தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, பந்தை உதைக்க ஓடிவரும் ஆட்டக்காரனைப் போல நிற்கிறது. அதன் கீழே 'வெற்றிக் கிண்ணம்' என்ற தமிழ் வரி. கணினியில் கிடந்த ஏதோ ஒரு நேர் எழுத்தை இழுத்துச் சாய்த்து, தடிப்புப் போதவில்லையென்று சுற்றிலும் கோடு போட்டு ஊத வைத்திருக்கிறார்கள். இழுத்த இழுப்பில் 'ற்' மேலிருந்த புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் உட்கார்ந்துவிட்டது. 'ண'கரத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டன.

இழுத்துச் சாய்ப்பது சாய்வெழுத்து ஆகாது. வெறும் 12 பாகை சாய்த்தாலே எழுத்தின் உச்சி, அதன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே வலப்பக்கம் நகர்ந்துவிடும். வட்டங்கள் வலப்பக்க மேல்மூலையிலும் இடப்பக்கக் கீழ்மூலையிலும் தடித்து, மற்ற இரு மூலைகளிலும் மெலிந்துபோகும். நேர்க்கோடுகள் நிறைந்த ரூமி, அதாவது மலாய் எழுதப் பயன்படும் ரோமன் எழுத்து, ஓரளவு தப்பித்துக்கொள்ளும். சுழியும் வளைவுமான தமிழ் தப்பாது. ஆகவேதான் எழுத்துரு வரைபவர்கள் ஒவ்வொரு வளைவையும் தனியே திருத்தி, புள்ளிக்கு இடம் பார்த்து வைக்கிறார்கள். 1501-இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் சாய்வெழுத்தில் நூல் அச்சிட்டபோதே, பிரான்செஸ்கோ கிரிஃபோ அதற்கெனத் தனி எழுத்து வெட்டிக்கொடுத்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? என் சித்தப்பா தோட்டத்துக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். விளையாட்டு விழாப் பலகை என்றால், முதலில் சுண்ணக்கட்டியால் ஒரே சாய்வில் கோடுகள் இழுத்துக்கொள்வார். ஆனால் 'இ'கரத்தின் சுழி வரும்போது தூரிகை கோட்டைவிட்டுச் சற்று விலகும். "கோட்டை மட்டும் நம்பினால் எழுத்து விழுந்துவிடும்டா" என்பார். அவரிடம் கணினி இல்லை, கண் இருந்தது.

"பையன் இலவசமாகச் செய்து கொடுத்தான், மனம் நோகலாமா" என்கிறீர்கள். பையனை நான் சொல்லவேயில்லை. பார்த்துத் தலையாட்டி அச்சுக்கு அனுப்பிய பெரியவர்களைச் சொல்கிறேன். "தமிழில் அப்படி எழுத்துரு ஏது" என்பது நியாயமான கேள்வி. தடித்துச் சாய்ந்த தமிழ் எழுத்துருக்கள் குறைவுதான். 'கவிவாணர்' சாய்வாகவே வரையப்பட்டது என்றாலும் கையெழுத்துப் பாணி. 'பலூ தம்பி' நன்கு தடித்தது, ஆனால் நேரானது. இரண்டும் இலவசம். தடித்ததை நேராகவே போட்டிருக்கலாமே, சாய்க்கச் சொன்னது யார்? 1985-இலேயே கணினித் தமிழுக்கு 'முரசு' மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். அந்த நாட்டில் இருந்துகொண்டு நமக்கு வாய்த்தது இதுதான் என்று கைவிரிக்கிறோம்.

"பதாகையில் தமிழ் இருந்ததே பெரிது" என்று ஒருவர் ஆறுதல் வேறு சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மலாய் வரியில் ஓர் எழுத்து கோணியிருந்தால் அச்சகத்தாரை இரவோடு இரவாக எழுப்பியிருப்பீர்கள். தமிழ் வரி என்றால் எப்படிக் கிடந்தாலும் போதும், கேட்பவன் வேலையற்றவன்.

போட்டிதான் முடிந்துவிட்டதே, விடுங்கள் என்கிறீர்கள். அடுத்து அணியின் சட்டையிலும் அதே வரியை அப்படியே அச்சடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டதால்தான் விடவில்லை.