ட்ரீமோனிஷாவின் முதல் இசைத்தட்டை ஏன் கொண்டாட வேண்டும்?

ஸ்காட் ஜாப்ளின் என்ற பெயரைக் கேட்டதும் பியானோவில் துள்ளி ஓடும் ராக்டைம் இசைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1899இல் வெளிவந்த ‘மேப்பிள் லீஃப் ராக்’ அவருக்குப் பெரும்பெயர் வாங்கித் தந்தது. ஆனால் அந்த அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் தம் இறுதிக் காலத்தில் உடலையும் கைப்பணத்தையும் கரைத்து உழைத்தது ‘ட்ரீமோனிஷா’ என்ற மூன்று அங்க ஓபராவுக்காக, அதாவது முழுவதும் பாடி நடிக்கும் இசை நாடகத்துக்காக. அது முதன்முதலாக முழுமையாக ஒலிப்பதிவு செய்யப்பட்டு, டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்தின் வெளியீடாக 1976இல் வந்தபோது, அவர் மறைந்து 59 ஆண்டுகள் கடந்திருந்தன. அதன் வாத்தியக் குழு அளவுக்கு மீறிப் பெரியது என்பது போல அந்த ஒலிப்பதிவின் மீது இன்று வைக்கப்படும் விமர்சனங்களில் நியாயம் உண்டு; இருந்தும் நாம் அதற்குப் பட்டிருக்கும் கடன் சிறிதும் குறையவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த ஓபரா பிழைத்ததே பெரிய செய்தி. 1911இல் ஜாப்ளின் தம் சொந்தச் செலவில், பாடலும் பியானோவும் மட்டும் கொண்ட 230 பக்க இசைப் பிரதியை நியூயார்க்கில் அச்சிட்டார். 1915இல் அதே நகரின் ஹார்லெம் பகுதியில், காட்சி ஜோடனையோ வாத்தியக் குழுவோ இல்லாமல், தாமே பியானோவில் அமர்ந்து வாசித்து அதை ஒருமுறை நிகழ்த்திக் காட்டினார். முதலீடு செய்ய ஒருவரும் முன்வரவில்லை. 1917 ஏப்ரல் 1 அன்று அவர் இறந்தார். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ள அவருடைய கல்லறைக்கு 1974 வரை பெயர்ப் பலகைகூட இல்லை. வாத்தியக் குழுவுக்காக அவர் எழுதிய பகுதிகளும் பின்னாளில் தொலைந்து போயின. அவருடைய முந்தைய ஓபராவான ‘எ கெஸ்ட் ஆஃப் ஹானர்’ 1903இல் ஊர் ஊராக மேடையேறியது. அதன் இசைப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. 1911இல் அவர் கைக்காசைப் போட்டு அச்சிடாமல் இருந்திருந்தால் ட்ரீமோனிஷாவுக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கும்.

கதை 1884இல், டெக்சர்கானா நகருக்கு வடகிழக்கே, ரெட் ஆற்றிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள அர்கன்சாஸ் மாநிலத் தோட்டம் ஒன்றில் நடக்கிறது. அடிமை முறை ஒழிந்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. மரத்தடியில் கண்டெடுத்த குழந்தையை நெட்டும் மோனிஷாவும் தம் மகளாக வளர்க்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு விறகு வெட்டியும் துணி துவைத்தும் கொடுத்து, அதற்கு ஈடாக மகளுக்குப் படிப்புச் சொல்லித் தரக் கேட்கிறார்கள். அந்தச் சுற்று வட்டாரத்தில் எழுத்தறிந்த ஒரே பெண்ணாக வளர்கிறாள் ட்ரீமோனிஷா. அதிர்ஷ்டப் பை என்று சொல்லி மந்திரித்த பைகளை விற்றுப் பிழைக்கும் மந்திரவாதிகளை அவள் நேருக்கு நேர் எதிர்க்கிறாள். அவர்கள் அவளைக் கடத்திச் சென்று குளவிக்கூட்டில் தள்ளப் பார்க்கிறார்கள். ரீமஸ் என்ற இளைஞன் சோளக்கொல்லைப் பொம்மை வேடத்தில் வந்து அவர்களை மிரட்டி அவளை மீட்கிறான். பிடிபட்ட மந்திரவாதிகளை அடித்து நொறுக்க ஊரே துடிக்கும்போது, அவர்களை மன்னித்து விட்டுவிடச் சொல்கிறவளும் அவள்தான். முடிவில் ஆண்களும் பெண்களுமாக எல்லோரும் பதினெட்டு வயதுப் பெண்ணைத் தங்கள் தலைவியாக ஏற்கிறார்கள். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது 1920இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், 1911இல் அச்சேறிய இந்த முடிவின் துணிச்சல் விளங்கும்.

இசை எப்படித் திரும்பி வந்தது என்பதும் சொல்லப்பட வேண்டியது. 1970இல் ஜோஷுவா ரிஃப்கின் பியானோவில் வாசித்த ஜாப்ளினின் ராக்டைம் இசைத்தட்டு எதிர்பாராத வரவேற்பைப் பெற்றது. 1971இல் வேரா பிராட்ஸ்கி லாரன்ஸ் பதிப்பித்த ஜாப்ளின் தொகுப்பை நியூயார்க் பொது நூலகம் வெளியிட்டது. 1972 ஜனவரியில், டி. ஜே. ஆண்டர்சன் அமைத்த வாத்திய வடிவத்தில், அட்லாண்டாவில் ஓபரா முழுமையாக மேடை கண்டது. 1975இல் ஹியூஸ்டன் கிராண்ட் ஓபரா, இசை நடத்துநர் குந்தர் ஷுல்லர் அமைத்த மற்றொரு வடிவத்தில் அதை நிகழ்த்தி, அதே ஆண்டில் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேக்கும் கொண்டு சென்றது. அந்த வடிவம்தான் ஷுல்லரின் தலைமையில் ஒலிப்பதிவானது. இசைத்தட்டு வெளியான அதே 1976இல் ஜாப்ளினுக்குச் சிறப்புப் புலிட்சர் விருதும் அறிவிக்கப்பட்டது. அரங்கில் இடம் கிடைத்தவர்கள் மட்டுமே கேட்டிருந்த ஒரு படைப்பு, கடையில் இசைத்தட்டு வாங்க முடிந்த எவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் அங்கத்தின் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பருத்திக்காட்டில் வேலை செய்து களைத்தவர்களுக்கு, வேலை முடிந்தது என்று அறிவிக்கும் கொம்பின் ஓசை கேட்கிறது. ‘ஆன்ட் டைனா ஹாஸ் ப்ளோட் த ஹார்ன்’ என்று கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடும் அந்தப் பாட்டில் ராக்டைமின் துள்ளலும் கூட்டுப்பாடலின் கனமும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒரு நாள் வேலை முடிந்த மகிழ்ச்சி அவ்வளவு பெரியதாக இருக்க முடியும் என்பதை எனக்கு உணர்த்திய வேறொரு ஓபராக் காட்சி கிடையாது. மோனிஷாவாகப் பாடும் பெட்டி ஆலனின் அடர்ந்த குரலும், ட்ரீமோனிஷாவாகப் பாடும் கார்மென் பால்த்ராப்பின் தெளிந்த குரலும், நெட்டாக வரும் வில்லர்ட் ஒயிட்டின் ஆழ்ந்த குரலும் இந்தப் பதிவின் செல்வங்கள். அச்சுப் பிரதியைப் படிக்கத் தெரிந்தவர்கள் இவற்றைக் கற்பனை செய்திருக்கலாம்; எஞ்சிய நமக்கு அந்த வாய்ப்பே இருந்ததில்லை.

ஷுல்லர் அமைத்த வாத்தியக் குழு மிகப் பெரியது, ஐரோப்பிய ஓபரா அரங்கின் பழக்கத்தில் அமைந்தது என்பது முக்கியமான குறை. இசை நடத்துநர் ரிக் பெஞ்சமின், ஜாப்ளின் காலத்து நாடக அரங்குகளில் இருந்ததைப் போன்ற 12 பேர் கொண்ட குழுவுக்காக முழு ஓபராவையும் மறுபடி அமைத்தார். அந்தப் பதிவு 2011இல் வந்தது. மந்திரவாதி பை விற்க வரும் காட்சியிலும், வட்டமாகச் சுற்றி ஆடிப் பாடும் காட்சியிலும் பெஞ்சமினின் சிறு குழுவே பொருத்தமாக ஒலிக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரே கூடிப் பாடும் இடங்களில் என் மனம் ஷுல்லரின் பக்கமே நிற்கிறது. இப்படி இரண்டையும் அருகருகே வைத்து வாதாட முடிகிறது என்றால், ஒரு குழு துணிந்து முதல் ஒலிப்பதிவை 1976இல் வெளிக்கொண்டு வந்ததும் அதற்கு ஒரு காரணம்.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் முதல் பதிவிலிருந்தே தொடங்கலாம். முன்னிசையில் வரும் முதன்மை மெட்டை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மந்திரவாதிகளின் பிடியிலிருந்தும் மூடநம்பிக்கையிலிருந்தும் விடுபட்ட மக்களின் மகிழ்ச்சியை அது குறிக்கிறது என்று ஜாப்ளினே தம் முன்னுரையில் எழுதியிருக்கிறார். இறுதியில் வரும் ‘எ ரியல் ஸ்லோ டிராக்’ நடனத்துக்கு, கால்களை எப்படி எடுத்து வைக்க வேண்டும் என்ற குறிப்புகளையும் அவரே பிரதியில் அச்சிட்டிருக்கிறார். இந்தப் பதிவில் அந்தப் பாட்டு அவர் கேட்ட நிதானத்திலேயே தொடங்கி, ஊர் முழுவதையும் உள்ளே இழுத்துக்கொண்டு வளர்கிறது.