சிமென்ட் குடையும் சிரிக்காத கேமராவும்

அர்த்தமில்லாததுபோல் தோன்றுவதை வைத்து விளையாடும் அபத்தக் கலை என்று பேச்சை எடுத்தாலே யாராவது அந்த வாழைப்பழத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலான் 2019இல் மயாமி கலைச் சந்தையில் டேப் போட்டுச் சுவரில் ஒட்டியது. அப்போது 1,20,000 டாலர், 2024 ஏலத்தில் 62 லட்சம் டாலர். "இதை நானே செய்வேனே" என்பவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. எனக்கும் அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. அங்கே வேடிக்கை பழத்தில் இல்லை, விலையில் இருக்கிறது.

அண்மையில் பார்த்த ஓர் இளம் சிற்பியின் முதல் தனிக்காட்சி வேறு ரகம். சிற்பமும் புகைப்படமும் இரண்டையும் அவரே செய்கிறார். விரிந்த குடை ஒன்றை அப்படியே சிமென்ட்டில் வார்த்திருக்கிறார். துணியின் சுருக்கம், கம்பி முனையில் தையல் விட்டுப்போன இடம், மடக்கிக் கட்டும் சின்னப் பட்டை எல்லாம் சிமென்ட். தரையில் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்துச் சுவரில் ஒரு படம்: வெட்டவெளி, கொட்டும் மழை, அதே குடை, அதே சாய்வு. இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் அதற்குக் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தோளில் ஒரு சொட்டு இல்லை, பாதங்கள் மட்டும் தொப்பலாக நனைந்திருக்கின்றன. முகத்தில் எந்தச் சலனமும் இல்லை.

குடையைத் தூக்க முடியாது, ஆகவே ஆள்தான் குடையைத் தேடிப் போக வேண்டும். இந்த ஒரே விதியைப் பிசகாமல் கடைசிவரை பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு நல்ல அபத்தம் இதுதான். தொடக்கத்தில் ஒரு கோணலான விதி, அதன்பின் எல்லாமே கறாரான தர்க்கம்.

அதே காட்சியில் எழுத்துகளுக்குப் பதிலாகப் பற்கள் பதித்த ஒரு தட்டச்சு இயந்திரமும் இருந்தது. பார்த்தேன், சரி என்று நகர்ந்துவிட்டேன். சம்பந்தமில்லாத இரண்டைச் சேர்த்து ஒட்டினால் முதல் பார்வைக்கு ஒரு திடுக்கிடல் கிடைக்கும், அதோடு கதை முடிந்தது. மெரெட் ஓப்பன்ஹைம் என்ற கலைஞர் 1936இல் தேநீர்க் கோப்பைக்கு ரோமத்தோல் போர்த்தியதும் ஒட்டு வேலைதானே என்று கேட்கலாம். ஆனால் கோப்பை வாய்க்குப் போகிற பொருள். பார்த்த மாத்திரத்தில் நாக்கில் முடி தட்டுப்படுகிறது, உடம்பே கூசுகிறது. பல்லுக்கும் தட்டச்சுக்கும் நடுவே அப்படி எதுவும் நடக்கவில்லை.

அப்புறம், புகைப்படம். "சிற்பத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்" என்று பலரும் படங்களைச் சட்டென்று கடந்துபோனார்கள். எனக்கு இதில்தான் வருத்தம். இந்த வகைச் சிற்பத்துக்குப் பாதி உயிர் படத்தில்தான் இருக்கிறது. 1917இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம் கலைப்படைப்பு என்று கண்காட்சிக்கு அனுப்பிய சிறுநீர் கழிக்கும் பீங்கான் தொட்டி காணாமலே போய்விட்டது. புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த படத்தில்தான் உலகம் அதைப் பார்த்தது. அமெரிக்கக் கலைஞர் மான் ரே 1921இல் இஸ்திரிப் பெட்டியின் அடியில் வரிசையாக ஆணிகளை ஒட்டினார். அந்த அசலும் தொலைந்துவிட்டது, படமும் பின்னால் செய்த பிரதிகளும்தான் மிச்சம்.

சுவிட்சர்லாந்தின் பீட்டர் ஃபிஷ்லியும் டேவிட் வைஸும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1980களில் காரட், துருவி, புட்டி, நாற்காலி என்று வீட்டில் கிடப்பதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க வைத்து, சரிந்து விழுவதற்குள் படமெடுத்தார்கள். அங்கே சிற்பத்தின் ஆயுளே சில நொடிதான். ஆஸ்திரியாவின் எர்வின் வூர்ம் 1990களிலிருந்து பார்வையாளரையே சிற்பமாக்குகிறார். இந்த வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொள், ஒரு நிமிடம் அசையாமல் நில் என்று குறிப்பு கொடுப்பார். நிமிடம் முடிந்தால் சிற்பம் கலைந்துவிடும், படம் இருக்கும்.

இவர்கள் படங்களில் கேமரா சிரிப்பதே இல்லை. பாஸ்போர்ட் படம் எடுப்பதுபோல நேராக நின்று, உள்ளதை உள்ளபடி காட்டும். நம் இளம் சிற்பியின் குடைப் படத்திலும் அந்த அடக்கம் இருக்கிறது. ஆனால் கடைசி அறையில் கோட்டை விட்டுவிட்டார். சாய்ந்த கோணம், ஊதா விளக்கு, நடிப்பவர் முகத்தில் அசட்டுச் சிரிப்பு. நகைச்சுவை சொல்பவர் நமக்கு முன்னால் தானே சிரித்துவிட்டால் யாருக்குச் சிரிப்பு வரும்? போதாக்குறைக்கு ஒவ்வொரு படத்தின் கீழும் அந்நியமாதல், இருத்தலின் வெறுமை என்று ஒரு முழப் பலகை. குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வியாக்கியானமெல்லாம் எதற்கு?

இன்னொன்று. சிற்பத்துக்குத் தனி விலை, படத்துக்குத் தனி விலை என்று பட்டியல் போட்டிருந்தார்கள். குடையை மட்டும் வாங்கிப் போகிறவரின் வரவேற்பறையில் அது வெறும் சிமென்ட் வேலைப்பாடு. படத்தை மட்டும் வாங்குகிறவர் அந்தக் கனத்தை உணரவே மாட்டார், ஏதோ தெர்மாகோல் குடை என்று நினைத்துக்கொள்வார். இரண்டையும் சேர்த்து ஒரே படைப்பாகத்தான் கொடுக்க வேண்டும். ஏற்றி இறக்கும் கூலி, விலை கொடுத்து வாங்குகிறவர் பாடு.