தூக்கினீர்கள் சரி, கேட்டீர்களா?

அந்தப் படத்தை நேற்றிலிருந்து பதினைந்து பேராவது எனக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு பொடியன்மார், கூட்டத்துக்கு வந்த ஒருவரைச் சக்கர நாற்காலியோடு மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கீழே ‘மனிதம் வாழ்கிறது’, கைகூப்பல், இதயம். பொடியன்மாரில் எனக்குக் கோபமே இல்லை. நல்ல பிள்ளைகள். ஆனால் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் சொந்த வீட்டிலேயே சுயமாக வாழ வழி தேடும் கூட்டத்தை மேல்மாடியில் வைக்கும் யோசனை யாருடையது? கீழே மாமர நிழலில் இருபது கதிரை போட்டிருக்கலாமே.

பொதுக் கட்டடங்களில் இவர்கள் ஏறி இறங்க வசதி வேண்டும் என்று 2006இலேயே வர்த்தமானி வந்துவிட்டது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐ.நா. சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை, எங்கே, யாரோடு வாழ்வது என்று தெரிவுசெய்யும் வாய்ப்பு அவரவருக்கு இருக்க வேண்டும் என்கிறது. சரி, அதெல்லாம் கடதாசி. தூக்குவதற்கு முன் அவரைக் கேட்டீர்களா? திட்டம் எழுதுவதற்கு முன் கேட்டீர்களா? போனவர் ஒருவர் சொன்னார், நன்றியுரைக்கு முன் அவருக்குப் பேச இரண்டு நிமிடம் கொடுத்தார்களாம். படம் எடுக்க அதைவிடக் கூட நேரம் எடுத்திருப்பார்கள்.

என் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. கிளினிக் என்றால் மண்டூர் துறையில் பாதை ஏறி (வெளியூர்க்காரருக்கு: இங்கே பாதை என்றால் மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவை), குருமண்வெளியில் இறங்கி, ஓட்டோ பிடிக்க வேண்டும். ஏற்றுவதற்கு நான் தூக்கினால், “என்னத் தூக்காத மனே, நான் என்ன நெல்லு மூட்டையா?” என்பார். அந்தப் படத்தைப் பார்த்ததும் அந்தக் குரல்தான் காதில் விழுந்தது.

அம்மாவை நடமாட வைத்தது ஒரு இரும்புக் குழாய். பக்கத்து வளவு மேசன் கட்டிலடியிலிருந்து கக்கூஸ் வரை இடுப்புயரத்தில் பொருத்தினார். நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் கதிரையும் அவர் வேலைதான். பிறகு தன் சோற்றை அம்மா தானே வடித்தார். இதைச் செய்யுங்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்ன உத்தியோகத்தர் எவருமில்லை. மேசனுக்குத் தெரிந்திருந்தது, அவருடைய தாயும் அப்படித்தான் கிடந்தவர்.

நடக்காத காரியமா இது? கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு மிட்வைஃப் வருகிறாரே! 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் பலன் அது. பிள்ளை பிறக்கும் வீட்டைத் தேடிவரத் தெரிந்த நாட்டுக்கு, விழுந்து கிடக்கும் கிழவியின் வளவுக்கு மட்டும் வழி தெரியாதா? மிட்வைஃபுக்கு இருக்கிற வேலை போதாதா என்பீர்கள். அவர் தலையில் கட்டச் சொல்லவில்லை, வேறு ஆளைப் போடுங்கள். காசில்லை என்பீர்கள். மாலைக்கும் பந்தலுக்கும் இருந்ததே.

அடுத்தது கலாசாரம். ‘பெற்றாரைப் பிள்ளைகள் பார்ப்பதுதான் நம் வழக்கம்.’ எனக்கும் தெரியும் ஐயா. நம் பக்கத்தில் வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் அதே வளவில் கொட்டில் போட்டுக்கொள்வார்கள். கூப்பிட்டால் மகளுக்குக் கேட்கும். இப்போது அந்த மகள் எங்கே? குவைத்தில் யாரோ ஒருவருடைய தாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள்.

‘நீ உன் தாயைப் பார்த்த லட்சணம் ஊருக்குத் தெரியும்’ என்று ஒரு உறவுக்காரர் எழுதியிருக்கிறார். ஓம். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது நான் கொழும்பில் இருந்தேன். இரண்டு மணித்தியாலம் அப்படியே கிடந்தார். ஞாபகப்படுத்தியதற்கு நன்றி அண்ணன், நான் மறந்துவிட்டேன் பாருங்கள். வாரத்தில் ஒருநாள் யாராவது வந்து எட்டிப் பார்க்கிற ஏற்பாடு ஊரில் இருந்திருந்தால், அந்தப் பாசி ஒருவர் கண்ணிலாவது பட்டிருக்கும். உங்கள் வீடு நாலு வளவு தள்ளித்தானே?

கூட்டத்தில் அந்தப் படத்தில் இருப்பவருக்குப் புதுச் சக்கர நாற்காலியும் கொடுத்தார்கள். அதற்கும் படம் இருக்கிறது. வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்தீர்களா? நான் இன்று காலை போனேன். வாசல் 22 அங்குலம், நாற்காலி 25. பழையதும் உள்ளே போகாததுதான், வீட்டுக்குள் தரையில் கையூன்றித்தான் நகர்கிறார். இப்போது திண்ணையில் இரண்டு நாற்காலி நிற்கிறது.