அந்தக் கோணல் கோடுகளை யாரும் நேராக்க வேண்டாம்

எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அந்தப் படங்களை இங்கே மறுபடி போடவில்லை. ஸ்க்லாக் மெர்சினரி என்ற விண்வெளிக் கூலிப்படை இணையக் காமிக்ஸின் ஆரம்ப கால ஸ்ட்ரிப்புகளை, அதாவது தினம் ஒன்றாக வந்த சில கட்டப் படங்களை, ஏஐயிடம் கொடுத்து "சரிசெய்து" வெளியிட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாக இதயம், நெருப்பு, கைதட்டல். "இப்போதுதான் படிக்கிற மாதிரி இருக்கிறது" என்று ஒருவர். ரொம்ப சந்தோஷம். அத்தனை வருடம் அதைப் படித்த நாங்களெல்லாம் கண் தெரியாமல் படித்தோம் போலிருக்கிறது.

ஒரே விஷயத்தைத்தான் சொல்லப் போகிறேன், அதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்கள் மோசமாக இருப்பது யாரோ வந்து சரிசெய்ய வேண்டிய பழுது இல்லை. 2000 ஜூன் 12 அன்று முதல் ஸ்ட்ரிப்பைப் போட்டபோது ஹோவர்ட் டெய்லர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், ஓவியர் இல்லை. வரையத் தெரியாமலே வரைந்து போட்டார். மறுநாளும் போட்டார். ஞாயிறு, பண்டிகை எதுவும் பார்க்காமல், முன்கூட்டியே வரைந்து கையிருப்பு வைத்துக்கொண்டு, 2020 ஜூலை 24 வரை ஒரு நாள் விடாமல் போட்டார். 7,300க்கும் மேல். நடுவில் 2004இல் வேலையையே விட்டுவிட்டு இதில் இறங்கினார். ஒரு மனுஷன் வரையக் கற்றுக்கொள்வதை முதல் கோட்டிலிருந்து கூடவே உட்கார்ந்து பார்க்க வேறு எங்கே கிடைக்கும்? அந்த முதல் கோடுகளைப் பளபளவென்று ஆக்கிவிட்டால் அப்புறம் எதைப் பார்ப்பது?

சரி, ஆக்கியதாவது ஒழுங்காக ஆக்கினார்களா? கதாநாயகன் ஸ்க்லாக்கின் கண்களை மனிதக் கண் மாதிரி குழிக்குள் பதித்து வைத்திருக்கிறது அந்த ஏஐ. அவன் ஒரு வடிவமில்லாத ஜந்து. பார்க்கப் பச்சையும் பழுப்புமாக ஒரு குவியல், கதையிலேயே அதைவிடக் கேவலமாகச் சொல்லிக் கிண்டலடிப்பார்கள். அந்தக் கண்கள் அவன் உடம்பில் முளைத்தவையே இல்லை! அவனுடைய கிரகத்தில் கண்கள் மரத்தில் காய்க்கும், பறித்து வைத்துக்கொள்வான், போய்விட்டால் வேறு ஜோடி தேட வேண்டும். டெய்லர் அவற்றை உச்சியில் ஏனோதானோவென்று உட்கார வைத்தது கைக்கு வராததாலா, வேண்டுமென்றேவா என்பது எனக்குக் கவலையில்லை, அது கதைக்குச் சரியாக இருந்தது. இன்னும் கொடுமை, கட்டத்துக்கு அடியில் கதைசொல்லி எழுதும் குறிப்புகளை "இடத்தை அடைக்கிறது" என்று தூக்கிவிட்டார்கள். அந்தக் காமிக்ஸின் பாதி அறிவியலும் முக்கால்வாசி நக்கலும் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது ஐயா.

ஸ்க்லாக்கின் இனம் எப்படி வந்தது தெரியுமா? தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும் ஒரு தகவல் சேமிப்பு அமைப்பிலிருந்து. மூளை என்று தனியாக ஒன்று கிடையாது, நினைவு உடம்பு முழுக்கப் பரவியிருக்கும், உடம்பில் ஒரு பகுதி போனால் அதோடு நினைவிலும் கொஞ்சம் போகும். இதைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் முதல் வருடங்களை வெட்டிச் செதுக்கினார்களா? படித்திருக்க மாட்டார்கள். படம் நன்றாக இல்லையே, எப்படிப் படிப்பார்கள்.

டெராபோர்ட் கதை அந்த "பார்க்கச் சகிக்காத" காலத்தில்தான் வந்தது. மற்ற விண்வெளிக் கதைகளில் கப்பல் பாட்டுக்கு ஒளியை முந்திக்கொண்டு போகும், ஏன் எப்படி என்று யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே விண்மீன் மண்டலம் முழுக்கப் போக்குவரத்து ஒரே கூட்டத்தின் கையில் இருக்கும் புழுத்துளை வாசல்கள் (வெகுதூர இடங்களை இணைக்கும் குறுக்குவழிகள்) வழியாக நடக்கிறது. கெவின் என்ற கூலிப்படை விஞ்ஞானி வாசலே இல்லாமல் நினைத்த இடத்துக்குக் குதிக்க வைக்கும் டெராபோர்ட்டைக் கண்டுபிடித்து ஊரறிய விட்டுவிடுகிறான். ஏகபோகம் சரிகிறது. யாருடைய படையும் எங்கேயும் குதிக்கலாம் என்றானதும் போர் வெடிக்கிறது. பிறகு டெராபோர்ட்டையே தடுக்கும் கருவி வருகிறது, போர் முறை மறுபடி மாறுகிறது. அதற்கு நடுவே, அந்த வாசல்காரர்கள் இத்தனை காலமும் வாசலில் நுழைந்தவர்களை ரகசியமாக நகல் எடுத்து, நகலை விசாரித்து, கொன்று போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தெரியவரும் இடம்! ஒரு கண்டுபிடிப்பு வந்தால் வியாபாரம், அரசியல், போர் எல்லாம் எப்படி ஆட்டம் காணும் என்று இவ்வளவு பொறுமையாக யோசித்த கதையை நான் அதிகம் படித்ததில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஜோக் வேறு.

"புது வாசகர்கள் முதல் பக்கத்தைப் பார்த்து ஓடிவிடுகிறார்களே" என்பீர்கள். ஓடட்டும்.

"படம் சுமார்தான் என்று டெய்லருக்கே தெரியும்." தெரியும். தெரிந்தும் அடுத்த நாள் ஸ்ட்ரிப்பைத்தான் வரைந்தார். பழசைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் புதுசு எப்போது வரும்?

"அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது கடைசிவரை கிடைக்கவில்லையே." 2009 முதல் 2013 வரை தொடர்ந்து ஐந்து வருடம் இறுதிப் பட்டியலில் இருந்தது. கிடைக்கவில்லை, உண்மைதான். இதற்கும் ஏஐ பூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் யாராவது விளக்குங்கள்.

"இது ஒரு மரியாதைதானே" என்கிறார்கள் பாருங்கள், இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சின்ன வயதில் ஒரு குதிரை வரைந்தேன். பின்னங்கால் எப்படி மடங்கும் என்று தெரியாமல் மனிதன் முழங்கால் மாதிரி மடக்கியிருந்தேன். என் சித்தப்பா நன்றாக வரைவார், தங்கமான மனுஷன். நோட்டை வாங்கி, என் காலை அழிரப்பரால் அழித்துவிட்டு, நாலே கோட்டில் அருமையான கால் ஒன்று போட்டு, "இப்போ பாரு" என்று கொடுத்தார். வீட்டில் எல்லோரும் பார்த்து ரசித்தார்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் மெலிந்து, என் பழைய கோடு பள்ளமாக மட்டும் தெரிந்தது. அதற்கப்புறம் அந்த நோட்டில் நான் எதுவும் வரையவில்லை. சித்தப்பா மேல் கோபமில்லை, அவர் பிரியத்தில்தான் செய்தார். ஆனால் என் குதிரை போய்விட்டது. அதை எப்படிச் சொல்வது என்று அப்போது தெரியவில்லை, இப்போதும் சரியாகச் சொல்கிறேனா தெரியவில்லை.

இதைச் சொன்னால் "பழைய நினைப்பிலேயே வாழும் கிழடுகள்" என்று நேற்று ஒரு பிரகஸ்பதி எழுதினார். ஆமாம் தம்பி, தினம் ஒன்றாக வந்ததைத் தினம் ஒன்றாகப் படித்த கிழடுதான். பீட்டி என்ற, கப்பலை இயக்கும் ஏஐ கதையில் நகைச்சுவைப் பாத்திரமாக வந்து, மற்றக் கப்பல் ஏஐகளைக் கூட்டம் சேர்த்து, விண்மீன் மண்டலத்தின் நடுவில் போய்க் கடவுள் மாதிரி உட்கார்ந்ததை வருடக்கணக்கில் காத்திருந்து படித்தோம். உங்களுக்கு அது பத்து நிமிட வீடியோ. அந்தக் கடவுளுக்குக்கூட, டெய்லருடைய கோட்டை அழித்துவிட்டு வேறு போடலாம் என்று தோன்றியதில்லை.

எங்கே ஆரம்பிப்பது, எந்தப் பாகத்திலிருந்து படம் நன்றாக இருக்கும் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள். 2000 ஜூன் 12. படிக்கப் பிடிக்கவில்லையா, மூடிவிட்டுப் போங்கள், சண்டையே இல்லை. அந்தத் திருத்திய படங்களை மட்டும் இந்தப் பதிவின் கீழே கொண்டுவந்து ஒட்டாதீர்கள், யாராக இருந்தாலும் நீக்கிவிடுவேன்.