ஜிக்கி பாட்டுக்கு ஜிக்கி பேரைச் சொல்லுங்களேன்

போன மாதம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய பாடல் நிகழ்ச்சிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த மண்டபம், யார் நடத்தினார்கள் என்பதெல்லாம் வேண்டாம். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் "துள்ளாத மனமும் துள்ளும்" பாடினாள், அருமையாகவே பாடினாள். முடிந்ததும் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, சுசீலா அம்மாவின் தேன்குரல் அது இது என்று நீட்டி முழக்கினார். சபை கைதட்டியது. அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிறது. என் தொடையில் நறுக்கென்று கிள்ளி, "டேய், இது ஜிக்கிடா, எழுந்து சொல்லுடா" என்றார். ஐம்பதுகளின் பாடகி ஜிக்கி பாடியதுதான் அது. நான் எழுந்து சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு.

அறிவிப்பாளர் மேல் முழுப்பழியும் போட மாட்டேன். இந்தப் பாட்டு வந்த "கல்யாண பரிசு" (1959) படத்தில் பெண்குரல் என்றால் பெரும்பாலும் சுசீலாதான். இசையமைப்பாளர் ஏ.எம்.ராஜா, ஜிக்கியின் கணவர். தமிழில் அவர் இசையமைத்த முதல் படம். நம் ஊர்க் கணக்குப்படி பார்த்தால் எல்லாப் பாட்டையும் வீட்டுக்காரிக்கே கொடுத்திருக்க வேண்டும். மனிதர் தனிப்பாட்டாக ஒன்றே ஒன்றுதான் கொடுத்தார். அந்த ஒன்றையும் நாம் பிடுங்கி இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டோம்.

பேர் தெரிந்தவர்கள் மட்டும் என்ன வாழ்கிறது? "ஜிக்கியா, நல்ல கொஞ்சல் குரல்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் பெரிய எரிச்சல். ஆரம்ப காலப் பாட்டுகளைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஜிக்கியின் இயற்பெயர் பி.ஜி.கிருஷ்ணவேணி. தெலுங்குக் குடும்பத்துப் பெண், 1943இல் "பந்துலம்மா" என்ற தெலுங்குப் படத்தில் சிறுமியாக நடித்துப் பாடி வந்தவர். தமிழில் கவனிக்க வைத்தது 1948இல் வந்த சிட்டாடல் நிறுவனத்தின் "ஞானசௌந்தரி". எஸ்.வி.வெங்கட்ராமன் இசையில் "அருள் தாரும் தேவமாதாவே". கதையில் சிறுமி பாடத் தொடங்கி, பாட்டு ஓட ஓட வளர்ந்து பெரியவளாகிறாள். சிறுமிக்கு ஜிக்கி, வளர்ந்தவளுக்கு பி.ஏ.பெரியநாயகி. பெரியநாயகி அன்றைக்கே பேர் பெற்ற பாடகி. அவர் வந்து வாங்கிக்கொள்கிற இடம் வரைக்கும் அந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு வருவது இந்தச் சின்னப் பெண்தான். எங்கள் அத்தை புக்கிட் மெர்தாஜாமில் இருந்தார். நாங்கள் இந்துக்கள்தான், ஆனாலும் ஜூலை மாதம் அங்கிருக்கிற செயின்ட் ஆன்ஸ் தேவாலயத் திருவிழாவுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றாமல் அவருக்கு ஆகாது. வீட்டுக்கு வந்து கறிக்கு வெங்காயம் நறுக்கும்போது இந்தப் பாட்டு. சிறுமி பகுதியை மட்டும் பாடுவார், பெரியநாயகி வருகிற இடத்தில் நிறுத்திவிடுவார். "அதுக்கு மேல நமக்கு எட்டாதுடா" என்பார்.

அப்புறம் இரண்டே வருடம். 1950, "மந்திரி குமாரி". ஜி.ராமநாதன் இசையில், திருச்சி லோகநாதனோடு "வாராய் நீ வாராய்". ஜிக்கிக்கு அப்போது பதினைந்துகூட நிரம்பவில்லை. படம் பார்க்காத தம்பிகளுக்காகச் சொல்கிறேன்: அவன் அவளை மலை உச்சிக்குக் கூட்டிப் போவது தள்ளிக் கொல்ல. அவளுக்கு அது தெரியாது. லோகநாதன் குரலில் ஒரு வழுக்கல் இருக்கும், கேட்கிற நமக்கு வயிற்றைக் கலக்கும். ஜிக்கி குரலில் சந்தேகத்தின் நிழல்கூடக் கிடையாது. புருஷனோடு உலாவப் போகிற சந்தோஷம் மட்டும்தான். மேலே போனதும் விஷயம் தெரிந்து, மூன்று சுற்று சுற்றிவந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி அவனையே தள்ளிவிடுகிறாளே, அந்த அதிர்ச்சிக்குப் பாதிக் காரணம் அந்தக் கள்ளமில்லாத குரல்தான் என்பேன். அங்கே லேசாக ஒரு பயத்தைக் காட்டியிருந்தால் காட்சியே படுத்திருக்கும். பதினான்கு வயதில் அந்த அளவு தெரிந்த ஒருவரைக் கொஞ்சல் குரல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ராஜ் கபூரின் "ஆஹ்" தமிழில் "அவன்" ஆனபோது ராஜாவும் ஜிக்கியும் பாடிய ஜோடிப் பாடல்களில் டப்பிங் வாடையே அடிக்காது. "குலேபகாவலி"யின் (1955) "மயக்கும் மாலை" உங்களுக்கே தெரியும். 1958இல் "வஞ்சிக்கோட்டை வாலிபன்" போட்டி நடனப் பாட்டில், கர்நாடக சங்கீதத்தில் ஊறிய பி.லீலாவுக்கு எதிரே நின்றார். திரையில் பத்மினியா வைஜயந்திமாலாவா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறோம். குரல் போட்டியைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. என் ஓட்டு ஜிக்கிக்கு. லீலா ரசிகர்கள் திட்டலாம், பரவாயில்லை.

இதெல்லாம் இசைக்குழுவும் பாடகரும் ஒன்றாக நின்று பாடிப் பதிவான காலம். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. இப்போதுபோல் வரி வரியாக வெட்டி ஒட்டுகிற வேலை கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். ஒரு சீன அங்கிள் பழைய பாட்டு பிளேட்டுகளைப் பிஸ்கட் டின் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு சுற்று சுற்றுகிற பிளேட்டு, லேபிள் பாதி கிழிந்து "மந்திரி" மட்டும் தெரிகிறது. ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) என்றார், முப்பதுக்கு முடித்தேன். என்னிடம் இருக்கிற பிளேயரில் 33, 45 சுற்று வேகங்கள்தான். ஆசையை அடக்க முடியாமல் 45இல் போட்டுப் பார்த்தேன். ஜிக்கி லோகநாதன் மாதிரி பாடினார், லோகநாதன் குகைக்குள்ளிருந்து பூதம் பாடுகிற மாதிரி இருந்தது. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ரீடிஃபியூஷன் (கம்பி வழி வானொலி) பெட்டிக்கு அடியில் உட்கார்ந்து கேட்ட பாட்டாம். சரியான வேகத்தில் ஒரு தடவை கேட்க வேண்டும் என்கிறார்.

பினாங்கிலோ பட்டர்வொர்த் பக்கமோ 78 ஓடுகிற பிளேயர் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். ஊசி 78க்கு உரியதாக இருக்க வேண்டும், எல்பி ஊசி வேண்டாம். அம்மாவையும் கூட்டி வருவேன், கோப்பிக்குச் சீனி குறைவாகப் போடுங்கள்.