இரண்டு படம் வரைந்தால் விடையாகிவிடுமா?

சென்ற ஞாயிறு கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டுத் திண்ணையில் மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள் வேதியியல் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"பென்சீன் ஏன் நிலையானது?"

"உடனிசைவால், மாமா. ஆறு கார்பன் வளையத்தில் மூன்று இரட்டைப் பிணைப்புகளை இடம் மாற்றி இரண்டு விதமாக வரையலாம்."

மதிப்பெண் விழுந்துவிடும். ஆனால் இது விடையே இல்லை என்பது என் கட்சி.

கத்தியை வைத்துவிட்டு ஒரு சதுரம் வரைந்தேன். நான்கு கார்பன், இரண்டு இரட்டைப் பிணைப்பு, பெயர் சைக்ளோபியூட்டாடையீன். இதையும் இரண்டு விதமாக வரையலாம். ஆனால் அறை வெப்பநிலையில் இது தங்காது. ஒன்றோடொன்று சேர்ந்து வேறு பொருளாகிவிடும். அவள் பேசவில்லை. மாம்பழச் சாறு நோட்டில் சொட்டியது.

பென்சீனின் நிலைத்தன்மை அளந்து பார்த்த சங்கதி. அதே ஆறு கார்பன் வளையத்தில் ஒரே இரட்டைப் பிணைப்புள்ள சைக்ளோஹெக்சீனில் ஹைட்ரஜனை ஏற்றினால் மோலுக்கு ஏறத்தாழ 120 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். மூன்றுக்கு 360 வரவேண்டும். பென்சீன் தருவதோ 208தான். குறையும் 150 சொச்சம், அது முன்பே இறக்கிவைத்துவிட்ட ஆற்றல். பென்சீன் இரு வடிவங்களுக்கிடையே தாவிக்கொண்டிருப்பதும் இல்லை. ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம், 1.39 ஆங்ஸ்ட்ராம்.

காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. 1931இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹக்கல் போட்ட கணக்கை எங்கள் பஸ் நிலையத்து லாட்ஜாக்கிச் சொன்னேன். தட்டையான வளையத்தில் கீழ்த்தளத்தில் ஒரே அறை, அதற்கு மேல் தளத்துக்கு இரண்டு அறை, அறைக்கு இரண்டு எலக்ட்ரான். இரட்டைப் பிணைப்புக்கு இரண்டு வீதம் பென்சீனின் ஆறு பேர் வந்தால் இரு தளமும் கச்சிதமாக நிறையும். நான்கு பேர் என்றால் மேலே ஆளுக்கோர் அறையில் தனியாகக் கிடப்பார்கள். சதுரத்தில் அந்த மாடிக்குப் போய் ஆற்றலில் லாபமும் இல்லை.

(பென்சீன் போன்ற வளையங்களுக்கு வைத்த அரோமேட்டிக், அதாவது மணமுள்ளது, என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். எங்கள் ஊர் மாம்பழ வாசனையில் பெரும்பங்கு டெர்பீன்களுடையது. அவை இந்த வகையில் சேராது.)

"எட்டு பேர் வந்தால்?" என்றாள். நல்ல கேள்வி. எட்டு கார்பன் வளையம் தட்டையாக இருக்கவே மறுத்து, தொட்டிபோல மடங்கிக்கொள்கிறது. புரோமினைக் கண்டால் சாதாரண இரட்டைப் பிணைப்பைப் போலவே வினைபுரிகிறது. பென்சீனுக்கோ இரும்பு உப்பு போன்ற வினையூக்கி வேண்டும்; அப்போதும் ஒரு ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்து வளையத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்.

"பத்து?"

அவளை உள்ளே அழைத்துப்போய், அக்காவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே கிடந்த, பத்து எலக்ட்ரானும் கச்சிதமாக அடங்கிய நாப்தலீன் உருண்டையைக் காட்டினேன்.