19 லிட்டர் மகஜர்

இடம்: கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணம். மாதேஷ் வீட்டு மொட்டை மாடி. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி, ரப்பர் குழாய், நீளமான வெப்பமானி, பெங்களூரில் பழைய விலைக்கு வாங்கிய தடித்த ஆங்கிலப் புத்தகம். மாதேஷ் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். பச்சையப்பன் அவனுடைய அக்காவின் கணவர். கிராம உதவியாளராக ஓய்வு பெற்றவர். ஊர் இன்னமும் அவரைத் தலையாரி என்றுதான் கூப்பிடுகிறது. அவருக்கும் அதில் ரகசியமான சந்தோஷம் உண்டு.

பச்சையப்பன்: மாப்பிள்ளை, மாடியிலிருந்து ஏதோ புளித்த வாடை வருகிறதாம். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள் உன் அக்கா.

மாதேஷ்: வாருங்கள் மாமா, உட்காருங்கள். ஒன்றுமில்லை, பார்லி ஊறுகிறது.

பச்சையப்பன்: (உட்காரப் போனவர் நிமிர்ந்து) ஊறலா? எத்தனை லிட்டர்?

மாதேஷ்: ஐயோ, வெறும் தண்ணீர் மாமா. வீட்டிலேயே பீர் காய்ச்சுவது எப்படி என்று இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. இப்போதுதான் இரண்டாம் அத்தியாயம்.

பச்சையப்பன்: பேனா இருக்கிறதா?

மாதேஷ்: எதற்கு?

பச்சையப்பன்: மகஜர் எழுத. கைப்பற்றிய பொருளை எல்லாம் பட்டியல் போட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கும் காகிதம். சர்வீசில் இருந்தவரை போலீஸ் ஜீப்பில் போய் எத்தனை சாராய ஊறலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தெரியுமா? முத்து முத்தாக எழுதுவேன். இன்ஸ்பெக்டரே பாராட்டியிருக்கிறார். ம், சொல். அந்த வாளி எவ்வளவு பிடிக்கும்?

மாதேஷ்: புத்தகத்தில் 5 காலன் என்று போட்டிருக்கிறது. அமெரிக்கக் கணக்கு. நமக்கு ஏறக்குறைய 19 லிட்டர்.

பச்சையப்பன்: (எழுதிக்கொண்டே) 'சுமார் 19 லிட்டர் கொள்ளளவுள்ள வெள்ளை நிற பிளாஸ்டிக் வாளி, மூடியுடன், ஒன்று.' மூடியில் ஏன் ஓட்டை?

மாதேஷ்: அதில்தான் காற்றுப் பூட்டு வரும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் விடும். வாயு வெளியே போக வேண்டும், வெளிக்காற்று உள்ளே வரக் கூடாது. அதற்காகத் தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாய். 'குளுக், குளுக்' என்று குமிழி விட்டுக்கொண்டே இருக்கும்.

பச்சையப்பன்: ராத்திரியிலுமா?

மாதேஷ்: ராத்திரி பகல் பார்க்காது மாமா.

பச்சையப்பன்: நாங்கள் ஊறலைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்தோம். இது தானே சத்தம் போட்டுக் காட்டிக் கொடுக்கும். நல்ல ஏற்பாடு. 'ஒலி எழுப்பும் கருவி, ஒன்று.'

மாதேஷ்: நீங்கள் பார்த்தது கள்ளச் சாராயம். வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறவைத்து, அப்புறம் அடுப்பேற்றி ஆவி பிடிப்பார்கள். பீரில் ஆவி பிடிக்கும் வேலையே கிடையாது. இந்தப் புத்தகத்தில் பாதிப் பக்கம் பாத்திரம் கழுவுவதைப் பற்றியே இருக்கிறது.

பச்சையப்பன்: கழுவுவதற்கா ஒரு புத்தகம்?

மாதேஷ்: வேண்டாத கிருமி ஒன்று உள்ளே போனாலும் மொத்தமும் காடியாகிவிடும்.

பச்சையப்பன்: (பெருமூச்சுடன்) நாங்கள் உடைத்த பானைகளுக்குள் மிதந்ததை எல்லாம் சொன்னால் இன்றைக்கு நீ சாப்பிட மாட்டாய். சரி, இந்தப் புத்தகம் எழுதினவன் ஜெயிலுக்குப் போனானா இல்லையா?

மாதேஷ்: அமெரிக்காவில் அது சட்டப்படி சரி மாமா. முன்பு அங்கேயும் தடை இருந்தது. வீட்டில் ஒயின் போடலாம், பீர் கூடாது என்று ஒரு விசித்திரம். 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார், தடை நீங்கியது.

பச்சையப்பன்: காவேரிப்பட்டணத்துக்கும் சேர்த்தா போட்டார்?

மாதேஷ்: இல்லை...

பச்சையப்பன்: இங்கே நடப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. காய்ச்சினால் மட்டுமல்ல, காய்ச்சுவதற்காகப் பாத்திரம் பண்டம் வைத்திருந்தாலே குற்றம். அதுவும் எந்த மண்ணில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறாய் என்று யோசித்துப் பார். சென்னை மாகாணத்திலேயே முதன்முதலில் மதுவிலக்கு வந்தது எந்த ஜில்லாவில்?

மாதேஷ்: தெரியாது.

பச்சையப்பன்: சேலம் ஜில்லா. 1937 அக்டோபர் 1. அன்றைக்கு நாமெல்லாம் சேலம்தான். தருமபுரி பிரிந்தது 1965-ல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். கொண்டுவந்தவர் ராஜாஜி. அவர் பிறந்த தொரப்பள்ளி, நீ தினமும் பஸ்ஸில் போகிறாயே, அந்த ஓசூருக்குப் பக்கத்தில். ஊரார் காய்ச்சினால் ஒரு குற்றம் என்றால் நீ காய்ச்சினால் இரண்டு.

மாதேஷ்: அதே ஓசூரில் இப்போது டாஸ்மாக் கடை இருக்கிறதே மாமா?

பச்சையப்பன்: 2003 முதல் சில்லறை வியாபாரமும் அரசாங்கத்தினுடையது. எதிரே நீ வாளி வைத்துக் கடை போட்டால் எந்த முதலாளி சும்மா இருப்பான்?

மாதேஷ்: நான் விற்கப் போவதில்லையே. குடிக்கத்தான்.

பச்சையப்பன்: அது இன்னும் மோசம். வாடிக்கையாளரே போய்விடுகிறாரே!

(இந்த இடத்தில் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. தலையாரியின் பார்வை மட்டும் புத்தகத்தின் மேலேயே இருந்தது.)

பச்சையப்பன்: அந்தப் படத்தில் பச்சையாக ஏதோ காய் மாதிரி இருக்கிறதே, என்ன அது?

மாதேஷ்: ஹாப்ஸ். கொடியில் பூக்கும் பூ. கசப்புக்கும் மணத்துக்கும் போடுவது. சீக்கிரம் கெடாமலும் பார்த்துக்கொள்ளும். இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்து லாஹௌலில் விளைகிறது. ஒரு தகவல் சொல்லட்டுமா? தாவர சாஸ்திரப்படி இது கஞ்சாச் செடியின் குடும்பம்.

பச்சையப்பன்: (பேனாவை மூடி, படிக்கட்டை எட்டிப் பார்த்து) மெதுவாகப் பேசு!

மாதேஷ்: குடும்பம்தான் ஒன்று மாமா, இதில் போதை கிடையாது.

பச்சையப்பன்: குடும்பத்தில் ஒருவன் மாட்டினால் எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவதைப் பார்த்தவன் நான். வாங்கிவிட்டாயா?

மாதேஷ்: இல்லை.

பச்சையப்பன்: 'கஞ்சாவின் பங்காளி: இல்லை.' பிழைத்தாய். மேலே சொல்.

மாதேஷ்: முதலில் பார்லியை ஊறவைத்து முளைகட்ட வேண்டும். முளை வந்ததும் உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் 65 முதல் 68 டிகிரிக்குள் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். முளைக்கும்போது உண்டான நொதி, மாவுச் சத்தைச் சர்க்கரை ஆக்கும். சூடு ரொம்ப ஏறினால் நொதி செத்துவிடும். அதற்குத்தான் இந்த வெப்பமானி. மாவு பாக்கி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின். கருநீலமானால் இன்னும் மாறவில்லை என்று அர்த்தம்.

பச்சையப்பன்: 'காயத்துக்குப் போடும் டிஞ்சர் அயோடின், ஒரு புட்டி.' பார்லி முளைத்ததா?

மாதேஷ்: அதுதான் புரியவில்லை. எத்தனையோ முறை தண்ணீர் மாற்றிவிட்டேன். முளை வரவில்லை, வாடைதான் வருகிறது.

பச்சையப்பன்: எங்கே வாங்கினாய்?

மாதேஷ்: மளிகைக் கடையில். கஞ்சிக்கு வாங்குவோமே, வெள்ளை வெளேரென்று.

பச்சையப்பன்: (வயிறு குலுங்கச் சிரித்து) தீட்டின பார்லி! உமியும் போய், தவிடும் போய், முளைக்கிற மூக்கும் போயிருக்கும். பொன்னி அரிசியை விதைத்துவிட்டு நாற்றுக்குக் காத்திருந்த மாதிரி இருக்கிறது உன் கதை. இவ்வளவு பெரிய புத்தகத்தில் இதைப் போடவில்லையா?

மாதேஷ்: (பக்கம் புரட்டி) போட்டிருக்கிறது. அடியில், பொடி எழுத்தில்.

பச்சையப்பன்: கேழ்வரகை ஊறவைத்து ஈரத் துணியில் கட்டியிருந்தால் மறுநாளே மூக்கு நீட்டியிருக்கும்.

மாதேஷ்: கேழ்வரகிலும் அந்த நொதி நன்றாகவே உண்டு மாமா! ஆப்பிரிக்காவில் அதை முளைகட்டிப் பீர் காய்ச்சுகிறார்கள்.

பச்சையப்பன்: (சுதாரித்து) நான் கூழுக்குச் சொன்னேன். என் வாயிலிருந்து யோசனை வந்ததாக எங்கேயும் எழுதிவிடாதே. சரி, பேச்சுக்குக் கேட்கிறேன், முளைத்தே இருந்தாலும் அடுத்தது என்ன?

மாதேஷ்: அந்தச் சாற்றை ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, சீக்கிரம் ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, 18 முதல் 22 டிகிரிக்குள் வைக்க வேண்டும்.

பச்சையப்பன்: கிருஷ்ணகிரியில், சித்திரையில், மொட்டை மாடியில், 18 டிகிரி?

மாதேஷ்: லேகர் என்று இன்னொரு வகை உண்டு. அதற்கு 10 டிகிரி போதும்.

பச்சையப்பன்: 'போதும்' என்கிறான் பார்! தளிப் பக்கம் போய் ஒரு வீடு வாடகைக்கு எடு. குட்டி இங்கிலாந்து என்று பெயர் வாங்கின ஊர்.

மாதேஷ்: அங்கே கிடைக்குமா?

பச்சையப்பன்: அங்கேயும் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. அப்புறம்?

மாதேஷ்: நுரைத்து அடங்கியதும் பாட்டிலில் அடைப்பது. லிட்டருக்கு ஆறு, ஏழு கிராம் சர்க்கரை போட்டு மூட வேண்டும். மிச்சமுள்ள ஈஸ்ட் அதைத் தின்று உள்ளேயே வாயு கட்டும். அதுதான் நுரை. சர்க்கரை கூடினாலோ, அவசரப்பட்டு அடைத்தாலோ பாட்டில் வெடிக்கும்.

பச்சையப்பன்: வெடிக்குமா! (பேனாவை மறுபடி திறந்து) இது மதுவிலக்குப் பிரிவோடு நிற்காது போலிருக்கிறதே. இதை எல்லாம் சட்டம் போட்டு ஒழுங்காகச் செய்கிற நாடே கிடையாதா?

மாதேஷ்: இருக்கிறது. ஜெர்மனியில் பவேரியா. 1516-லேயே சட்டம். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர், இந்த மூன்றைத் தவிர பீரில் எதுவும் சேரக் கூடாது.

பச்சையப்பன்: ஈஸ்ட்?

மாதேஷ்: சட்டத்தில் இல்லை. நுரைக்க வைப்பது ஓர் உயிர் என்றே அப்போது தெரியாது. லூயி பாஸ்டர் மாதிரி விஞ்ஞானிகள் 19-ஆம் நூற்றாண்டில்தான் நிரூபித்தார்கள்.

பச்சையப்பன்: அடடா. முக்கியக் குற்றவாளியின் பெயரே இல்லாமல் ஒரு மகஜர்! நான் எழுதியிருந்தால் இப்படி விட்டிருப்பேனா? (எழுந்து, தொண்டையைச் செருமி) சரி. இதனால் அறியப்படுவது யாதெனில், மேற்படி இடத்தில் மேற்படி மாதேஷ் என்பவரிடமிருந்து கைப்பற்றப்பட்டவை: வாளி ஒன்று, குழாய் ஒன்று, வெப்பமானி ஒன்று, டிஞ்சர் ஒன்று, கெட்டுப்போன பார்லி. கையெழுத்துப் போடு.

மாதேஷ்: கைப்பற்றியதை எங்கே வைப்பீர்கள்?

பச்சையப்பன்: எங்கள் வீட்டில். வாளி, தண்ணீர் வராத நாளைக்கு. குழாய், மோட்டாருக்கு. பார்லியை மாடு முகர்ந்து பார்த்து முடிவு செய்யட்டும்.

மாதேஷ்: புத்தகத்தை ஏன் மாமா அக்குளில் வைத்துக்கொண்டீர்கள்? அது பட்டியலில் இல்லையே.

பச்சையப்பன்: முக்கியச் சான்று. முழுவதும் படித்துப் பார்த்துத்தான் கருத்துச் சொல்ல முடியும். அந்த நுரை விஷயத்தில் எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது.

மாதேஷ்: உங்களுக்கு இங்கிலீஷ்?

பச்சையப்பன்: உன் அக்கா பெண் படித்துச் சொல்வாள்.

மாதேஷ்: எப்போது திருப்பித் தருவீர்கள்?

பச்சையப்பன்: வழக்கு முடிந்ததும்.

மாதேஷ்: வழக்கே போடவில்லையே?

பச்சையப்பன்: போடாத வழக்கு எப்படி மாப்பிள்ளை முடியும்? (வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்)